8 ஜிபி மடிக்கணினியில் டாக்கர்: நான்கு நாள் பணிக் குறிப்பு

நேற்று இரவு, டாக்கர் என்ற கருவியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளக் கன்டெய்னரை (நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டித் தனியே ஓடவிடும் பெட்டி) வேண்டுமென்றே நிறுத்தி, அழித்து, அதே இடத்தில் புதிதாக ஒன்றை எழுப்பினேன். உள்ளே பதிந்து வைத்திருந்த 214 புத்தகங்களின் விவரங்களும் ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வந்தன. இந்த ஒரு சோதனை தேறுவதற்கு நான்கு நாட்கள் பிடித்தன. இடையில் அதே 214 பதிவுகளை முழுவதுமாக இழந்து மறுபடி தட்டச்சு செய்யவும் நேர்ந்தது. குறிப்பேட்டில் கிறுக்கி வைத்தவை பொருள் புரியாமல் போவதற்குள், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் அவை ஒலிக்கும்படி தமிழில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் உள்ளிட வேண்டும்.

தேவை சிறியது. என்னிடம் உள்ள புத்தகங்களைப் பட்டியலிட்டுத் தேடுவதற்குப் பைத்தானில், ஃபிளாஸ்க் என்ற வலைப்பக்க நூலகம் கொண்டு ஒரு சிறு பக்கம் எழுதியிருந்தேன். தரவுகள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். அதே கணினியில் பழைய பைத்தான் பதிப்பை நம்பியிருக்கும் வேறொரு வேலையும் இருந்ததால், ஒன்றுக்காகப் புதுப்பித்தால் மற்றொன்று நின்றுபோயிற்று. ஒவ்வொரு வேலைக்கும் தேவையான பதிப்புகளைத் தனித்தனியே கட்டி வைத்துக்கொள்ளக் கன்டெய்னர்தான் வழி என்று முடிவு செய்தேன். கணினி விண்டோஸ் 11 ஹோம், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அதில் காலியாக இருந்தது 61 ஜிபி.

தொடங்குமுன் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. டாக்கர் கன்டெய்னர்கள் வழக்கமாக லினக்ஸின் கெர்னலை, அதாவது அதன் மையப் பகுதியை, பகிர்ந்துகொண்டு இயங்குபவை. விண்டோஸில் அந்தக் கெர்னல் இல்லை. ஆகவே விண்டோஸுக்குள் ஒரு லினக்ஸ், அந்த லினக்ஸுக்குள் கன்டெய்னர் என்று மூன்று அடுக்குகள் உருவாகின்றன. இந்த நான்கு நாட்களில் நான் செய்த பிழைகளில் பெரும்பாலானவை, எந்த அடுக்கில் நின்றுகொண்டு பேசுகிறேன் என்பதைக் கவனியாததால் வந்தவை.

முதல் நாள், விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையுடன் திறந்து, டபிள்யூஎஸ்எல் மைனஸ் மைனஸ் இன்ஸ்டால் என்ற கட்டளையைக் கொடுத்தேன். டபிள்யூஎஸ்எல் என்பது விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி. விண்டோஸ் 10 என்றால் 2004 பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருந்தால் இந்த ஒரே கட்டளை போதும். தேவையான விண்டோஸ் கூறுகளை இயக்கி, லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவையும் தானே இறக்கிவிடும். கணினியை மறுதொடக்கம் செய்தபின் உபுண்டு திறக்காமல், 80370102 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றது. கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர்க் கணினியைத் தொடங்க முடியவில்லை என்பது அதன் பொருள். நான் அந்த வாசகத்தைப் படிக்காமல், நிறுவல்தான் அரைகுறையாக முடிந்திருக்கிறது என்று எண்ணி, எல்லாவற்றையும் நீக்கி இரண்டு முறை மறுபடி நிறுவினேன். இரண்டு முறையும் அதே எண். ஒன்றரை மணி நேரம் இப்படிக் கழிந்தது.

விடை டாஸ்க் மேனேஜரில் இருந்தது. அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து, சிபியூவைச் சொடுக்கினால், வரைபடத்துக்குக் கீழே விர்ச்சுவலைசேஷன் (மெய்நிகராக்கம்) என்று ஒரு வரி இருக்கும். என் கணினியில் அது டிசேபிள்ட் என்று காட்டியது. செயலியில் அந்த வசதி உண்டு, ஆனால் பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் வன்பொருளை அமைக்கும் நிரல்) அணைக்கப்பட்டிருந்தது. பயாஸுக்குள் செல்லும் விசை கணினிக்குக் கணினி மாறும். எஃப்2, எஃப்10, டெலீட் ஆகியவை பொதுவானவை. விசையை அழுத்தும் நொடி தப்பிப்போகிறவர்கள் விண்டோஸ் அமைப்புகளில் ரெக்கவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் வழியாகவும் யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) அமைப்புகளுக்குள் போகலாம். உள்ளே இன்டெல் செயலி என்றால் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி, ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோட் என்ற பெயரில் தேட வேண்டும். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் கை வைப்பதற்கு முன்பே அதன் மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் மாற்றத்துக்குப் பிறகு கணினி அதைக் கேட்கக்கூடும். என் கணினி கேட்டது. சாவி கையில் இருந்ததால் தப்பினேன்.

மெய்நிகராக்கத்தை இயக்கிய பிறகு உபுண்டு ஒரே முயற்சியில் திறந்தது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகூட விழாது, அது இயல்பு. டபிள்யூஎஸ்எல் மைனஸ் எல் மைனஸ் வி என்று கேட்டு, உபுண்டுவின் எதிரே 2 என்ற பதிப்பு எண் இருப்பதை உறுதி செய்துகொண்டு அன்றைய வேலையை நிறுத்தினேன்.

இரண்டாம் நாளின் பிழை, ஒரே வேலைக்கு இரண்டு எஞ்சின்களை, அதாவது கன்டெய்னர்களை ஓட்டும் அடிப்படை மென்பொருளை இரண்டு முறை, நிறுவியது. முதலில் விண்டோஸில் டாக்கர் டெஸ்க்டாப்பை நிறுவினேன். பிறகு வேறொரு வழிகாட்டியைப் படித்து, உபுண்டுவுக்குள்ளும் டாக்கரை நிறுவிவிட்டேன். ஓரிடத்தில் எழுப்பிய கன்டெய்னர் மற்றோரிடத்தில், ஓடும் கன்டெய்னர்களைப் பட்டியலிடும் டாக்கர் பிஎஸ் கொடுத்தால் தென்படவில்லை. இறக்கிய இமேஜ் (கன்டெய்னரை எழுப்பப் பயன்படும் அச்சு) மறுபடியும் இறங்கியது. என்ன நடக்கிறது என்று டாக்கர் கான்டெக்ஸ்ட் எல்எஸ் கொடுத்துப் பார்த்த பிறகுதான், இரண்டு தனித்தனி எஞ்சின்களோடு மாறிமாறிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது விளங்கியது. உபுண்டுவுக்குள் ஏற்கெனவே டாக்கர் எஞ்சின் இருந்தால், டெஸ்க்டாப்பை நிறுவுமுன் அதை நீக்கிவிடுமாறு டாக்கரின் ஆவணங்களே சொல்கின்றன. ஏதாவது ஒன்றுதான் இருக்க வேண்டும்.

எதை வைத்துக்கொள்வது என்று தயங்கினேன். டெஸ்க்டாப்பில் எல்லாவற்றையும் சாளரத்தில் பார்த்துச் சொடுக்கலாம். தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் இலவசம். 250 பேருக்கும் குறைவான ஊழியர்களும் ஒரு கோடி டாலருக்கும் குறைவான ஆண்டு வருவாயும் கொண்ட சிறு நிறுவனங்களுக்கும் கட்டணம் இல்லை. 16 ஜிபி ரேம் உள்ளவர்களுக்கு, அதிலும் டெர்மினல் பழக்கமில்லாதவர்களுக்கு, நான் டெஸ்க்டாப்பையே சொல்வேன். என்னிடம் இருந்தது 8 ஜிபி. உலாவியும் எடிட்டரும் திறந்திருக்கும்போது கூடுதலாக ஒரு சாளரச் செயலியைத் தாங்க அது திணறியது. ஆகவே டெஸ்க்டாப்பை நீக்கிவிட்டு, உபுண்டுவுக்குள் டாக்கர் எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டேன். உபுண்டுவே தரும் டாக்கர்.ஐஓ தொகுப்பையும் நீக்கி, டாக்கரின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்து, எஞ்சின், கட்டளைக் கருவி, கன்டெய்னர்டி, பில்டெக்ஸ், கம்போஸ் ஆகிய ஐந்து தொகுப்புகளையும் அங்கிருந்து நிறுவினேன்.

நிறுவியதும் டாக்கர் பிஎஸ் கொடுத்தால் பெர்மிஷன் டினைட் என்று வந்தது. என் பயனர் பெயரை டாக்கர் என்ற குழுவில் சேர்க்க வேண்டும். சூடோ யூசர்மாட் மைனஸ் ஏஜி டாக்கர் என்று தொடங்கும் வரி அதைச் செய்யும். சேர்த்த பிறகும் அதே மறுப்பு வந்ததால் மறுபடி மறுபடி அந்த வரியையே கொடுத்துக்கொண்டிருந்தேன். குழு மாற்றம் அடுத்த முறை உள்நுழையும்போதுதான் நடைமுறைக்கு வரும். பவர்ஷெல்லில் டபிள்யூஎஸ்எல் மைனஸ் மைனஸ் ஷட்டவுன் கொடுத்து உபுண்டுவை மறுபடி திறந்ததும் சரியாயிற்று. அந்தக் குழுவில் இருப்பவர் நடைமுறையில் முழு அதிகாரமுள்ள ரூட் பயனருக்கு நிகரான அதிகாரம் பெறுகிறார் என்பதையும் தெரிந்துகொண்டே சேர்க்க வேண்டும். பலர் பகிரும் கணினியில் இதை யோசிக்காமல் செய்யக்கூடாது.

ஹலோ-வேர்ல்டு இமேஜ் ஓடி, நிறுவல் சரியாக உள்ளது என்ற செய்தியைக் காட்டியது. அடுத்து என்ஜின்எக்ஸ் வலைச்சேவையகத்தை எழுப்பி, உலாவியில் 8080 போர்ட்டில் (நிரல் இணைப்புக்காகக் காத்திருக்கும் வாசல் எண்) பார்க்க முயன்றேன். பக்கம் வரவில்லை. போர்ட்டுகளை இணைக்கும் மைனஸ் பி என்பதற்குப் பிறகு 80:8080 என்று எழுதியிருந்தேன். இடப்பக்க எண் வெளியே உள்ள கணினியுடையது, வலப்பக்க எண் கன்டெய்னருடையது. என்ஜின்எக்ஸ் உள்ளே 80இல் கேட்பதால் 8080:80 என்றே எழுத வேண்டும். வெளியிலிருந்து உள்ளே நடந்துபோவதாக எண்ணிக்கொண்டால் வரிசை மறக்காது.

மூன்றாம் நாள் என் சொந்த நிரலுக்கான இமேஜைக் கட்டத் தொடங்கினேன். இமேஜைக் கட்டும் படிகளை எழுதி வைக்கும் டாக்கர்ஃபைலின் முதல் வரியில் பைத்தான்:3.12 என்று போட்டதற்கு இமேஜ் 1 ஜிபியைத் தாண்டியது. பைத்தான்:3.12-ஸ்லிம் என்று மாற்றியதும் அடிப்படை இமேஜ் ஏறத்தாழ 150 எம்பிக்குள் அடங்கியது. நிரல் கோப்புகள் முழுவதையும் முதலில் நகலெடுத்து, அதன் பிறகு பிப் இன்ஸ்டால் கொண்டு பைத்தான் நூலகங்களை நிறுவும்படி எழுதியிருந்ததால், நிரலில் ஓர் எழுத்தை மாற்றினாலும் நூலகங்கள் எல்லாம் மறுபடி இறங்கின. ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் 50 நொடி. அந்த நூலகங்களின் பட்டியலான ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பை மட்டும் முதலில் நகலெடுத்து, நூலகங்களை நிறுவி, அதற்குப் பிறகே மற்ற கோப்புகளைக் கொண்டுவரும்படி இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். மாறாத படிகளை டாக்கர் முந்தைய கட்டுமானத்திலிருந்தே எடுத்துக்கொள்ள, அடுத்த முறை 4 நொடியில் முடிந்தது. நிரல் இருந்த கோப்புறையும் சிக்கலாக இருந்தது. அது விண்டோஸின் சி வட்டில் இருக்க, உபுண்டு அதை மவுன்ட் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு கோப்பும் மெதுவாகவே வரும். கோப்புறையை உபுண்டுவின் ஹோமுக்குள் மாற்றிவிட்டேன். தேவையற்ற வெர்ச்சுவல் என்விரான்மென்ட் கோப்புறையை டாக்கர்இக்னோர் கோப்பில் சேர்த்து ஒதுக்கியதும், 48 நொடி எடுத்த நகலெடுப்பு 2 நொடிக்குள் வந்தது.

அதன் பிறகு வந்த சிக்கல்தான் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது. இமேஜ் கட்டப்பட்டது, கன்டெய்னர் ஓடியது, போர்ட் 5000:5000 என்று சரியாகத்தான் கொடுத்திருந்தேன். உலாவியில் திறந்தால் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்றே வந்தது. விண்டோஸ் ஃபயர்வாலைச் சந்தேகித்தேன். சிறிது நேரம் அணைத்தும் பார்த்தேன். போர்ட்டை 5001, 5050, 8000 என்று மாற்றினேன். கணினியை மறுதொடக்கம் செய்தேன். இறுதியில் கன்டெய்னருக்குள்ளேயே நுழைந்து பார்ப்போம் என்று டாக்கர் எக்ஸெக் மைனஸ் ஐடி கொடுத்து உள்ளே போனேன். ஒரு முகவரியைக் கேட்டுப் பார்க்க உதவும் கர்ல் என்ற கருவி ஸ்லிம் இமேஜில் இல்லை. ஆகவே பைத்தானைத் திறந்து, யூஆர்எல்லிப் கொண்டு அதே முகவரியைக் கேட்டேன். எல்லாம் சரி என்று பொருள்படும் 200 பதிலாக வந்தது. உள்ளிருந்து கேட்டால் பதில் வருகிறது, வெளியிலிருந்து கேட்டால் வரவில்லை. அப்போதுதான் டாக்கர் லாக்ஸ் காட்டிய ஒரு வரியை நிதானமாகப் படித்தேன். ஃபிளாஸ்க் 127.0.0.1:5000இல் இயங்குகிறது என்று முதல் நிமிடத்திலிருந்தே அது சொல்லிக்கொண்டிருந்தது.

127.0.0.1 என்பது எப்போதும் கேட்பவரின் சொந்த வீட்டு வாசல். கன்டெய்னருக்குள் ஓடும் நிரல் அந்த முகவரியில் கேட்டால், கன்டெய்னருக்குள் இருப்பவருக்கு மட்டுமே கதவு திறக்கும். வெளியிலிருந்து போர்ட் வழியாக வருபவர் வேறு வாசலில் வந்து நிற்கிறார், அங்கே ஆள் இல்லை. நிரலைத் தொடங்கும் வரியில் ஹோஸ்ட் என்ற இடத்தில் 0.0.0.0 என்று மாற்றினேன். எல்லா வாசல்களிலும் கேள் என்பது அதன் பொருள். பக்கம் உடனே திறந்தது. இதற்கு ஆன நேரம் மூன்று மணி. மறுபக்கத்தில் இதற்கு நேர்மாறான கவனமும் தேவை. போர்ட்டை 5000:5000 என்று மட்டும் கொடுத்தால் டாக்கர் அதைப் புறத்தே உள்ள எல்லா முகவரிகளிலும் திறந்துவிடும். என் கணினியில் மட்டும் பார்த்தால் போதும் என்பதால், மைனஸ் பி வரியில் 127.0.0.1:5000:5000 என்று எழுதிவிட்டேன். உள்ளே 0.0.0.0, வெளியே 127.0.0.1, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவருக்குப் பாதி வேலை முடிந்தது.

அன்று மாலையே இன்னொன்று. தொடக்க வேலைகளைச் செய்ய ஒரு சிறு ஷெல் கோப்பை விண்டோஸ் எடிட்டரில் எழுதிச் சேர்த்தேன். கன்டெய்னர் தொடங்கும்போதே, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லி நின்றது. எல்எஸ் கொடுத்தால் கோப்பு கண்முன்னே இருக்கிறது. கேட் மைனஸ் பெரிய ஏ கொடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் டாலர் குறிக்கு முன்னால் ஒரு கூரைக்குறியும் எம் என்ற எழுத்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. விண்டோஸ் வரி முடிவில் வைக்கும் கூடுதல் குறி அது. முதல் வரியில் உள்ள ஷெல்லின் பெயரோடு அந்தக் குறியும் சேர்ந்துவிட்டதால், அந்தப் பெயரில் ஒரு ஷெல்லைத் தேடிய லினக்ஸ் அதைக் காணாமல் இல்லை என்று சொல்லியிருக்கிறது. இல்லாமல் போனது என் கோப்பு அல்ல. டாஸ்2யூனிக்ஸ் என்ற சிறு கருவி ஒரே வரியில் இதைச் சரிசெய்தது. எடிட்டரின் அடிப்பட்டையில் சிஆர்எல்எஃப் என்றிருந்ததை எல்எஃப் என்று மாற்றியும் வைத்தேன்.

தரவை இழந்தது மூன்றாம் நாள் இரவு. போஸ்ட்கிரெஸ் கன்டெய்னரை எழுப்புவது எளிது. போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டு என்ற சூழல் மாறியில் ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும். நான் பார்த்த எடுத்துக்காட்டில் இருந்தபடியே மைனஸ் மைனஸ் ஆர்எம் என்பதையும் சேர்த்திருந்தேன். நிறுத்திய கன்டெய்னர்கள் குப்பையாகச் சேராமல் தானே நீங்கிவிடும் என்பதால் அது எனக்குப் பிடித்துப்போயிற்று. பக்கம் இயங்கத் தொடங்கிய மகிழ்ச்சியில், அலமாரியிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு, அடுக்கு எண் என்று 214 பதிவுகளை உள்ளிட்டேன். இரவு படுக்கப் போகுமுன் கன்டெய்னரை நிறுத்தினேன். காலையில் மறுபடி எழுப்பியபோது அட்டவணையே இல்லை.

நடந்தது இதுதான். போஸ்ட்கிரெஸ் இமேஜ் தன் தரவுக் கோப்புறைக்கென ஒரு வால்யூமை, அதாவது கன்டெய்னருக்கு வெளியே தரவைச் சேமிக்கும் இடத்தை, தானே உருவாக்கிக்கொள்ளும். நாம் பெயர் கொடுக்காவிட்டால் அது பெயரற்ற வால்யூமாக இருக்கும். கன்டெய்னரை டாக்கர் ஆர்எம் கொண்டு சாதாரணமாக அழித்திருந்தால்கூட அந்த வால்யூம் எங்காவது எஞ்சியிருந்திருக்கும், தேடி எடுத்திருக்கலாம். மைனஸ் மைனஸ் ஆர்எம் கொடுத்தால், கன்டெய்னர் நின்ற கணமே பெயரற்ற வால்யூமும் சேர்ந்து போய்விடும். டாக்கர் வால்யூம் எல்எஸ் கொடுத்துப் பார்த்தேன். பட்டியல் வெறுமையாக இருந்தது. கன்டெய்னரை நான் ஒரு சிறு கணினி என்றே எண்ணிப் பழகியிருந்தேன். கணினியை அணைத்தால் கோப்புகள் போகாது அல்லவா? அந்த எண்ணம்தான் 214 பதிவுகளைக் கொண்டுபோனது.

நான்காம் நாள் காலை, ஒரு பதிவைக்கூட உள்ளிடாமல், வால்யூமில் மட்டுமே கவனம் செலுத்தினேன். டாக்கர் வால்யூம் கிரியேட் கொடுத்து, நூல்தரவு என்ற பொருள்படும் பெயரில் ஒன்றை உருவாக்கினேன். அதைக் கன்டெய்னருக்குள் எந்த இடத்தில் பொருத்துவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 17 வரை, வார், லிப், போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று செல்லும் பாதையின் முடிவிலுள்ள டேட்டா என்ற கோப்புறையில் பொருத்த வேண்டும். 18ஆம் பதிப்பின் இமேஜில் அந்த டேட்டாவை விட்டு, ஒரு படி மேலே உள்ள கோப்புறையிலேயே பொருத்த வேண்டும். பதிப்பு எண் போடாமல் லேட்டஸ்ட் என்று விட்டால் பழைய குறிப்பும் புதிய இமேஜும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். அதோடு, ஒரு முதன்மைப் பதிப்பு எழுதிய தரவுக் கோப்புகளை அடுத்த முதன்மைப் பதிப்பு நேரடியாகத் திறக்காது. நான் போஸ்ட்கிரெஸ்:17 என்று எண்ணைக் குறிப்பிட்டு நிறுத்திக்கொண்டேன். பிறகு ஒரே ஒரு வரியை உள்ளிட்டு, கன்டெய்னரை அழித்து, மறுபடி எழுப்பி, வரி இருப்பதைப் பார்த்தேன். இதை மூன்று முறை செய்து நம்பிக்கை வந்த பிறகே அலமாரியின் பக்கம் மறுபடி போனேன்.

இரண்டு கன்டெய்னர்களை ஒவ்வொரு முறையும் நீண்ட கட்டளைகளால் எழுப்புவது சலிப்பாக இருந்ததால், கம்போஸ்.யாமல் என்ற ஒரே கோப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். யாமல் கோப்பில் டேப் விசையைப் பயன்படுத்தக்கூடாது, இடைவெளிகள் மட்டுமே. இங்கும் பழைய பிழை வேறு உருவில் வந்தது: பக்கத்தின் நிரலில் தரவுத்தள முகவரியை லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே 127.0.0.1, என்று விட்டிருந்தேன். அந்த நிரல் தன் கன்டெய்னருக்குள்ளேயே தரவுத்தளத்தைத் தேடித் தோற்றது. கம்போஸ் கோப்பில் தரவுத்தளச் சேவைக்கு டிபி என்று நான் வைத்த பெயர்தான் அதன் முகவரி. அதை எழுதியதும் இணைந்தது. இந்த முறை காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. டிபெண்ட்ஸ் ஆன் என்று எழுதினால் தரவுத்தளக் கன்டெய்னர் முதலில் தொடங்குமே ஒழிய, அது பதில் சொல்லத் தயாராகும் வரை மற்றது காத்திருக்காது. தரவுத்தளம் தயாரா என்று கேட்கும் பிஜி இஸ்ரெடி என்ற கட்டளையை ஹெல்த்செக்காகச் சேர்த்து, சர்வீஸ் ஹெல்தி என்ற நிபந்தனையையும் வைத்த பிறகே முதல் முயற்சியில் இரண்டும் ஒழுங்காக எழுந்தன. டாக்கர் கம்போஸ் டவுன் கொடுத்தால் பெயருள்ள வால்யூம் பத்திரமாக இருக்கும். அதோடு மைனஸ் வி சேர்த்தால் வால்யூமும் அழியும். அந்த மைனஸ் வி என் குறிப்பேட்டில் சிவப்பு மையில் இருக்கிறது.

பணமாக எந்தச் செலவும் இல்லை. விலை நினைவகமாகவும் வட்டு இடமாகவும் கொடுக்க வேண்டியிருந்தது. டாஸ்க் மேனேஜரில் விஎம்மெம் என்று தொடங்கும் பெயரில் தெரிவதுதான் உள்ளே ஓடும் லினக்ஸ். தனியாக வரம்பு விதிக்காவிட்டால் அது கணினியின் ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளலாம். என்னிடம் 4 ஜிபியைத் தொட்டு, உலாவி உறையும் நிலைக்கு வந்தது. விண்டோஸில் என் பயனர் கோப்புறையில் புள்ளியுடன் தொடங்கும் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் என்ற கோப்பை உருவாக்கி, மெமரி 3 ஜிபி, பிராசஸர்ஸ் 2 என்று எழுதினேன். மாற்றம் எதுவும் இல்லை. நோட்பேட் அந்தப் பெயரின் பின்னால் டிஎக்ஸ்டி என்ற நீட்சியைத் தானே ஒட்டியிருந்தது. விண்டோஸ் நீட்சிகளை மறைத்துவைப்பதால் கண்ணில் படவில்லை. பெயரைத் திருத்தி, ஷட்டவுன் கொடுத்துத் திறந்ததும் 3 ஜிபிக்குள் நின்றது. என் பக்கத்துக்கும் தரவுத்தளத்துக்கும் அது தாராளம்.

வட்டு இடம் வேறு விதமாக மறைந்தது. நான்காம் நாள் முடிவில் காலியிடம் 61 ஜிபியிலிருந்து 33 ஜிபியாகியிருந்தது. டாக்கர் சிஸ்டம் டிஎஃப் கொடுத்துப் பார்த்து, பயன்படாத இமேஜ்களையும் கட்டுமான எச்சங்களையும் டாக்கர் சிஸ்டம் புரூன் கொண்டு நீக்கினேன். டாக்கரின் கணக்கில் இடம் குறைந்தது, ஆனால் விண்டோஸின் கணக்கில் ஒரு ஜிபிகூடத் திரும்பவில்லை. லினக்ஸின் வட்டு முழுவதும் விண்டோஸில் இஎக்ஸ்டி4.விஎச்டிஎக்ஸ் என்ற ஒரே கோப்பாக இருக்கிறது. உள்ளே இடம் தேவைப்படும்போது அது வளரும், உள்ளே அழித்தாலும் வெளியே தானாகச் சுருங்காது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி கருவிகள் இல்லாததால் டிஸ்க்பார்ட்டைப் பயன்படுத்தினேன்: முதலில் டபிள்யூஎஸ்எல்லை முழுமையாக நிறுத்தி, டிஸ்க்பார்ட்டில் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, படிக்க மட்டும் என்ற நிலையில் இணைத்து, காம்பாக்ட் விடிஸ்க் கொடுத்து, பிறகு கழற்றிவிட்டேன். 26 ஜிபியாக இருந்த கோப்பு 9 ஜிபியாகச் சுருங்கியது; ஏழு நிமிடம் ஆயிற்று. மடிக்கணினியில் செய்கிறவர்கள் மின்னிணைப்பைப் பொருத்திவிட்டுச் செய்யட்டும். நடுவில் அணைந்தால் முழு லினக்ஸும் ஆபத்தில் இருக்கும்.

இந்த அமைப்பில் எனக்கு நிறைவு தராத ஒன்று உண்டு. உபுண்டு டெர்மினலை மூடிவிட்டால் சற்று நேரத்தில் லினக்ஸ் தானே அடங்கிவிடுகிறது. பின்னணியில் கன்டெய்னர்கள் ஓடுகின்றன என்பதற்காக அது விழித்திருப்பதில்லை. பக்கத்தைப் பயன்படுத்தும் நேரத்தில் ஒரு டெர்மினல் சாளரத்தைச் சிறிதாக்கி வைத்துக்கொள்கிறேன். நாள் முழுவதும் ஓட வேண்டிய வேலைக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது.

இதே வேலையை வேறொரு கணினியில் செய்தால் வரிசையை மாற்றிவிடுவேன். டாஸ்க் மேனேஜரின் அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் நிறுவத் தொடங்குவேன். நினைவக வரம்புக் கோப்பை முதல் கன்டெய்னருக்கு முன்பே எழுதிவிடுவேன். கோப்புறையை முதலிலிருந்தே உபுண்டுவின் ஹோமில் வைப்பேன். தரவுத்தளத்தைப் பொறுத்தவரை, அழித்து எழுப்பும் சோதனையை முடிக்காமல் ஒரு பதிவும் உள்ளிட மாட்டேன். வால்யூம் இருந்தாலும் அது இந்த ஒரே வட்டில்தான் இருக்கிறது என்பதால், பிஜி டம்ப் கொண்டு தரவுத்தளத்தின் நகலை நேற்றிரவு ஒரு கோப்பாக எடுத்து, லினக்ஸுக்கும் வெளியே, பென்டிரைவில் வைத்தேன். 214 புத்தகங்களுக்கும் சேர்த்து 46 கேபி. அந்தக் கோப்பிலிருந்து ஒரு வெற்றுத் தரவுத்தளத்தை மீட்டெடுத்துப் பார்க்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. வரும் விடுமுறை நாளில் அதைச் செய்துவிட்டு, பிறகே அடுத்த அலமாரியின் புத்தகங்களை எடுக்கப்போகிறேன்.